எதுவார் குபேர்: இரு கொடிகளின் கீழ் ஒரு வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல், வைத்திக்குப்பம், புதுவை)

ஒரு மனிதரின் பெயரைச் சாலைக்கும் சந்தைக்கும் சூட்டிவிட்டால், பெயர் நிலைத்துவிடுகிறது; மனிதர் மறைந்துவிடுகிறார். புதுவைக் கடற்கரைச் சாலையின் பெயர் குபேர் சாலை. நேரு வீதியிலுள்ள பெரிய மார்க்கெட்டின் பெயர் குபேர் அங்காடி. எங்கள் வைத்திக்குப்பத்துப் பெண்கள் மீன் கூடையுடன் நாள்தோறும் அந்த அங்காடிக்குத்தான் போகிறார்கள். ஆயினும் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் விடை சொல்பவர் மிகச் சிலரே. செல்வத்துக்கு அதிபதியான குபேரனின் பெயரைத்தான் வியாபாரம் செழிக்க வைத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு.

எதுவார் குபேர் நம் புதுவையின் முதல் முதலமைச்சர். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக அமர்ந்தவர். பிரெஞ்சு ஆட்சி நீடிக்க வேண்டும் என்று பல்லாண்டு பாடுபட்டவர். பின்னர் அதே ஆட்சியை அகற்றுவதில் முன்னின்றவர். அவரை இணைப்பின் சிற்பி என்று போற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காற்றடிக்கும் பக்கம் பாய் விரித்தவர் என்று தூற்றுபவர்களும் இருக்கிறார்கள். அவருடைய வாழ்வை எழுதப் புகுபவர், 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் நடந்த வாக்கெடுப்பையும், அதன் காரணம் என்ன, அது செல்லுமா என்று எழுந்த வழக்கையும் ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. ஆகவே இக்கட்டுரை ஒரு மனிதரின் வரலாறாகவும், ஒரு வழக்கின் வரலாறாகவும் அமைகின்றது.

பிறப்பும் வளர்ப்பும்

குபேர் 1894ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பிறந்தார். தந்தை பிரெஞ்சு வழியினர், தாய் இந்தியர். இத்தகைய குடும்பங்கள் அந்நாளைய புதுவைச் சமூகத்தில் ஒரு தனி அடுக்காக விளங்கின. வெள்ளை நகரத்துக்கும் கறுப்பு நகரத்துக்கும் நடுவே ஓடிய கால்வாயைப் போல, அவர்கள் இரண்டுக்கும் எல்லையாகவும் இணைப்பாகவும் இருந்தார்கள். பிரெஞ்சு மொழியிலே சட்டம் பேசவும், தமிழிலே தெருவில் உறவாடவும் அவர்களால் முடிந்தது. குபேர் சட்டம் பயின்று நீதிமன்ற அலுவலில் அமர்ந்தார். சட்டத்தின் நுணுக்கமும் மனிதர்களின் பலவீனமும் ஒருங்கே தெரியும் இடம் நீதிமன்றம். அங்கே பெற்ற அறிவு பின்னாளில் அவருக்குப் பெரிதும் துணை செய்தது எனலாம்.

ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அவர் அரசியலின் நடுமேடைக்கு வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது புதுவையின் காற்று மாறியிருந்தது. 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையான நிகழ்ச்சியை மக்கள் மறக்கவில்லை. அத்தொழிலாளர் இயக்கத்தை வளர்த்த மக்கள் தலைவர் வ. சுப்பையா, 1946இல் தேசிய ஜனநாயக முன்னணியின் தலைவராக நின்று தேர்தலில் பெரும் வெற்றி கண்டார். 1947 ஜூலையில் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி தோன்றியது. அதன் தலைவர்தான் குபேர். ஆட்சியாளரின் ஆதரவும், ஊருக்கு ஊர் செல்வாக்குள்ள மனிதர்களும் அக்கட்சிக்கு வாய்த்தனர். அன்று முதல் 1954 வரை பிரெஞ்சிந்திய அரசியல் என்றால் அது குபேரின் அரசியல்தான்.

வாக்குறுதி தந்த 1948

1947 ஆகஸ்ட் 15இல் இந்தியா விடுதலை பெற்றது. ஆனால் புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களிலும் மூவண்ணப் பிரெஞ்சுக் கொடியே பறந்துகொண்டிருந்தது. 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சட்டத்தில் 27ஆம் பிரிவு ஒன்று உண்டு. எந்தப் பகுதியையும் அங்கு வாழும் மக்களின் சம்மதமின்றி வேறு நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பின்னால் எழுந்த வாதங்களுக்கெல்லாம் வேர் இந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

1948 ஜூனில் இந்திய அரசும் பிரெஞ்சு அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஐந்து ஊர் மக்களும் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். அதற்குரிய நாளையும் முறையையும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபைகள் வகுக்க வேண்டும். அதன்படி அவ்வாண்டு அக்டோபரில் நகரசபைத் தேர்தல்கள் நடந்தன. புதுவையில் குபேரின் கட்சியே வென்றது. மிரட்டலும் தடியடியும் வென்றன என்று எதிர்த்தரப்பினர் முறையிட்டார்கள்.

1949 ஜூன் 19இல் சந்திரநாகூர் மக்கள் முதலில் வாக்களித்தார்கள். இந்தியாவுடன் சேர 7,473 பேர், பிரெஞ்சு ஒன்றியத்தில் நீடிக்க 114 பேர். கல்கத்தாவின் வாசலில் இருந்த அந்த ஊர் 1950 மே 2இல் நடைமுறையில் இந்தியாவுக்குக் கைமாறியது. மற்ற நான்கு ஊர்களுக்கும் 1949 டிசம்பர் 11 என்று நாள் குறிக்கப்பட்டது. ஆனால் அந்த வாக்கெடுப்பு நடக்கவேயில்லை.

ஏன் நடக்கவில்லை? சந்திரநாகூரைப் போல மற்ற ஊர்களிலும் முடிவு வந்துவிடுமோ என்று பிரெஞ்சுத் தரப்பு அஞ்சியது என்பார்கள் சிலர். குபேர் கட்சியின் பிடியில் இருக்கும் ஊர்களில் நேர்மையான வாக்கெடுப்பு நடக்காது என்று இந்தியத் தரப்பு அஞ்சியது என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

குபேரின் கோட்டை

1949இல் இந்தியாவுடன் இருந்த சுங்க உடன்படிக்கை முறிந்தது. புதுவையைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. புதுவை எல்லை ஒரே கோடாக இருந்ததில்லை. ஒரு வயல் பிரெஞ்சு நாடு, அடுத்த வயல் இந்தியா, அதற்கடுத்த தோப்பு மீண்டும் பிரெஞ்சு நாடு. எங்கள் குப்பத்திலிருந்து வடக்கே கோட்டக்குப்பம் சந்தைக்கு மீன் கொண்டுபோவது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதாயிற்று. அந்நாளில் கூடையை இறக்கிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எங்கள் பாட்டியின் தாயார் சொல்வாராம். மறுபுறம், வெளிநாட்டுச் சரக்குகள் துறைமுகத்தில் மலிவாக இறங்கின. எல்லையைத் தாண்டிக் கள்ளத்தனமாகப் போயின. தங்கக் கடத்தலில் பெரும்பொருள் சேர்த்தவர்கள் பலர். ஏழைக்குச் சாவடியும், பணக்காரனுக்குச் சரக்கும் என்றாகிவிட்டது நிலைமை.

அரசியலோ வன்முறையில் மூழ்கியது. 1950இல் வ. சுப்பையாவின் வீடு தீக்கிரையாக்கப்பட்டது. 1951இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தின் துணையோடு அமர்த்தப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் இங்கு வந்து நேரில் ஆராய்ந்தார்கள். அச்சமின்றியும் நேர்மையாகவும் மக்கள் வாக்களிக்கும் சூழல் இங்கே இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. அதே 1951இல்தான் குபேர், முன்னர் உறுப்பினராக இருந்த லம்பேர் சரவணைத் தோற்கடித்துப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாரிஸில் அவர் பிரெஞ்சிந்தியாவின் குரல். புதுவையில் அவர் அசைத்தால் அசையும் ஆட்சி. 1952 அக்டோபரில் இந்திய அரசு, இனி வாக்கெடுப்புக்கு இடமில்லை, நேரடியாக ஒப்படைப்பதே வழி என்று அறிவித்தது. அந்நிலையில் இந்தியாவின் நோக்குக்குப் பெருந்தடை எது என்று கேட்டிருந்தால், குபேரின் செல்வாக்கு என்றே பலரும் விடை சொல்லியிருப்பார்கள்.

திரும்பிய மார்ச்சு

1954 மார்ச்சு 18ஆம் நாள் புதுவையே திகைத்தது. புதுவைப் பகுதியின் எட்டுக் கொம்யூன்களின் மேயர்களும் ஆட்சிக் குழுவினரும் ஒன்று கூடி, வாக்கெடுப்பு எதுவுமின்றி உடனே இந்தியாவுடன் இணைய வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் முதன்மையானவர் குபேர். புதுவை மேயராக இருந்த முத்துப்பிள்ளையும் உடன் நின்றார். நேற்றுவரை பிரெஞ்சுக் கொடிக்குக் காவல் நின்றவர்கள், இன்று அதை இறக்கப் புறப்பட்டார்கள்.

குபேர் நகரத்தை விட்டு வெளியேறினார். இந்திய நிலப்பரப்பால் சூழப்பட்ட நெட்டப்பாக்கம் கொம்யூனில் மார்ச்சு 31ஆம் நாள் இந்தியக் கொடி ஏறியது. அங்கே ஒரு தற்காலிக அரசு அமைந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் உறுப்பினராக இருந்துகொண்டே பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அரசுக்கு அவர் தலைமை ஏற்றார்! உலக வரலாற்றிலேயே இத்தகைய காட்சிகள் அரிது. ஒன்றன்பின் ஒன்றாகக் கிராமங்கள் விடுபட்டன. வ. சுப்பையாவும் பொதுவுடைமைத் தோழர்களும் தங்கள் பகுதிகளில் தனியே போராடினார்கள். ஜூன் 13இல் ஏனாமும், ஜூலை 16இல் மாகியும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகின.

குபேர் மாறியதன் காரணம் என்ன? இதுவே முதல் வழக்கு. இதில் மூன்று கட்சிகள் இருக்கின்றன.

முதற்கட்சியினர், அவர் தம்மைக் காத்துக்கொள்ளவே மாறினார் என்பார்கள். ஊழல் புகார்கள் தொடர்பாகப் பிரெஞ்சு நிர்வாகம் அவர்மீதும் அவரைச் சார்ந்தவர்கள்மீதும் விசாரணையைத் தொடங்கியிருந்தது. கைது நெருங்குகிறது என்று அறிந்தே அவர் எல்லை தாண்டினார் என்று இக்காலத்தை ஆராய்ந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். விசாரணை தொடங்குவது வேறு, குற்றம் நிறுவப்படுவது வேறு என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த நாட்களின் வரிசை இக்கட்சிக்கு வலுவூட்டுகிறது.

இரண்டாம் கட்சியினர், அவர் காலத்தைக் கணித்தார் என்பார்கள். இந்தோசீனப் போரில் பிரான்சு தளர்ந்துகொண்டிருந்தது. தியென் பியென் பூ கோட்டை அவ்வாண்டு மே 7இல் வீழ்ந்தது. இந்தியாவின் அனுமதிச் சீட்டு முறையும் சுங்கக் கெடுபிடியும் புதுவையின் மூச்சை இறுக்கின. சுற்றிலும் இந்தியா இருக்க, ஒரு சிறு துறைமுகம் எத்தனை நாள் தனித்து நிற்கும்? அரசியல் அறிந்த எவரும் எடுக்கக்கூடிய முடிவையே அவர் எடுத்தார் என்பது அவர்கள் வாதம்.

மூன்றாம் கட்சியினர், மக்களின் வேட்கையே அவரை இழுத்துச் சென்றது என்பார்கள். மாணவர்களும் தொழிலாளர்களும் விவசாயிகளும் பல்லாண்டுகளாக ஏற்றிய தீ, கடைசியில் அவரையும் எட்டியது என்பது அவர்கள் கருத்து.

வேதியியல் மாணாக்கருக்கு இங்கே ஓர் உவமை தோன்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் அமிலத்தில் பினாப்தலீன் இட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். இருபது மில்லி இறங்கும்வரை நிறம் மாறுவதில்லை. அடுத்த ஒரு சொட்டில் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. அந்த ஒரு சொட்டுதான் நிறத்தை மாற்றியது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குமுன் இறங்கிய இருபது மில்லியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. விசாரணை என்பது அந்தக் கடைசிச் சொட்டு. போர், முற்றுகை, தொழிலாளர் இரத்தம், மாணவர் கிளர்ச்சி ஆகியவை அதற்குமுன் இறங்கியவை. குபேரின் மனத்தை மாற்றியது அச்சமாக இருக்கலாம். ஆனால் அவர் மாறினால் புதுவையே மாறிவிடும் என்ற நிலையை உண்டாக்கியது அவரல்லர், மக்களே ஆவர்.

கீழூரில் 178 பேர்

1954 மேயில் பாரிஸில் தொடங்கிய பேச்சுவார்த்தை ஜூன் தொடக்கத்தில் முறிந்தது. அம்மாதமே பியேர் மெந்தேஸ் பிரான்ஸ் பிரெஞ்சுப் பிரதமரானார். இந்தோசீனப் போரை ஜெனீவாவில் முடித்து வைத்த அவர், புதுவைச் சிக்கலையும் முடிக்க விரும்பினார். ஆனால் 27ஆம் பிரிவு குறுக்கே நின்றது. மக்களின் சம்மதம் வேண்டும். பொது வாக்கெடுப்போ நடத்த முடியாது. இரு தரப்பும் கண்ட நடுவழி இதுதான்: மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கூடி வாக்களிக்கட்டும், அதையே மக்களின் சம்மதமாகக் கொள்ளலாம்.

அக்டோபர் 18ஆம் நாள் புதுவைக்கு மேற்கே கீழூர் என்னும் சிற்றூரில் அவர்கள் கூடினார்கள். புதுவை, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர். பிரதிநிதி சபைத் தலைவர் பாலசுப்பிரமணியன் தலைமை வகித்தார். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள். எதிராக 8 வாக்குகள். மூன்றே நாளில், அக்டோபர் 21இல், புதுதில்லியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நவம்பர் 1ஆம் நாள் புதுவையில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. கேவல் சிங் இந்திய அரசின் சார்பில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

செல்லுமா, செல்லாதா?

இரண்டாம் வழக்கு இங்கே தொடங்குகிறது. சுமார் மூன்று லட்சம் மக்களுக்காக 178 பேர் வாக்களித்தது மக்களின் சம்மதம் ஆகுமா?

ஆகாது என்றவர்கள் சொன்ன நியாயங்கள் இவை. 1948இல் தரப்பட்ட வாக்குறுதி மக்கள் அனைவரும் வாக்களிப்பது பற்றியது. சந்திரநாகூர்க் குடிமகனுக்குக் கிடைத்த வாக்குச் சீட்டு புதுவைக் குடிமகனுக்குக் கிடைக்கவில்லை. ஜூனாகட்டில்கூட 1948 பிப்ரவரியில் இந்திய அரசு மக்களிடமே வாக்குக் கேட்டது. அங்கே பாகிஸ்தானுக்குக் கிடைத்தவை 91 வாக்குகளே. ஜூனாகட்டுக்கு ஒரு நீதி, புதுவைக்கு ஒரு நீதியா? பிரெஞ்சு நாட்டிலும் இக்கேள்வி ஓயவில்லை. இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. ஆனால் அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்சு, ஒரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் வைக்கத் தயங்கியது. அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962இல்தான் ஒப்புதல் கிடைத்து, ஆகஸ்ட் 16இல் ஆவணங்கள் பரிமாறப்பட்டன. எட்டாண்டுக் காலம் நம் மக்கள் நடைமுறையில் இந்தியர், சட்டத்தில் பிரெஞ்சுக் குடிகள்.

செல்லும் என்றவர்களின் நியாயங்களும் இலேசானவையல்ல. வாக்கெடுப்பின் முறையை வகுக்கும் உரிமை 1948 உடன்பாட்டின்படியே தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளிடம் விடப்பட்டிருந்தது. இந்தியாவும் பிரான்சும் இம்முறையை ஒருங்கே ஏற்றன. 1955இலும் 1959இலும் நடந்த பிரதிநிதி சபைத் தேர்தல்களில் காங்கிரசும் பொதுவுடைமையினர் தலைமையிலான மக்கள் முன்னணியும்தான் முதன்மையாக மோதின. இரண்டுமே இணைப்பை ஏற்ற அணிகள். மக்களின் மனம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

இருதரப்பு வாதங்களையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். 1948 முதல் நடந்த தேர்தல்கள் மோசடியானவை, அவற்றில் வென்றவர்கள் மக்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று கூறியது இந்தியத் தரப்பு. 1954இல் அவர்களே கை தூக்கியபோது, அதுவே மக்களின் குரல் என்று ஏற்றுக்கொண்டதும் அதே தரப்பு. மறுபுறம், அத்தேர்தல்கள் செம்மையாக நடந்தன என்று வாதித்த பிரெஞ்சு ஆதரவாளர்கள், அவற்றில் வென்றவர்கள் இணைப்புக்கு வாக்களித்ததும், பிரதிநிதிகளின் வாக்கு போதாது, மக்களைக் கேட்க வேண்டும் என்றார்கள். அளவுகோல் ஒன்றுதான், அதைப் பிடித்த கைகள்தாம் இடம் மாறின. அந்த இரு கைகளுக்கும் நடுவே நின்றவர் குபேர். அவருடைய தேர்தல் வெற்றிகள் பொய்யானால் கீழூரின் 170 வாக்குகளும் ஆட்டம் காண்கின்றன. கீழூர் மெய்யானால் அவருடைய பழைய வெற்றிகளையும் ஒருவாறு ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. இந்தச் சங்கடத்தினால்தான் இரு தரப்பாரும் அவரைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லையோ என்று தோன்றுகிறது.

ஒன்றைக் கருத வேண்டும். 178 பேருக்குப் பதிலாக மூன்று லட்சம் மக்களைக் கேட்டிருந்தாலும் முடிவு இணைப்பாகவே இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படியானால் கேட்டிருக்கலாமே என்ற எண்ணமும் உடனே எழுகின்றது. விடை சரியாக இருந்தாலும் செய்முறையை எழுதாத மாணவனுக்கு நம் ஆசிரியர்கள் முழு மதிப்பெண் தருவதில்லை. கீழூர் வாக்கெடுப்பின் நிலையும் அதுவே: விடை சரி, செய்முறையில் சில வரிகள் விடுபட்டுள்ளன.

வீட்டுக்குள் வந்த வாக்கெடுப்பு

கீழூரில் கேட்கப்படாத சாதாரண மனிதன் 1962இல் வேறு விதத்தில் கேட்கப்பட்டான். 1956 ஒப்பந்தத்தின்படி, இங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் குடும்பங்கள் அவர்களில் பல. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆன கதைகளை நம் ஊர்த் தெருக்களில் இன்றும் கேட்கலாம். இந்தியராக இருப்பதற்கு எதுவும் எழுத வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும். எங்கள் குப்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே அந்நாளில் குறைவு. அவர்கள் மனமுவந்து இந்தியரானார்களா, படிவம் என்ன என்று தெரியாமலே இந்தியரானார்களா என்று பிரித்தறிவது எளிதன்று. உரிமை என்பது ஏட்டில் இருந்தால் போதாது. அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் எனக்கு, இந்த வரலாற்றிலேயே மிகவும் உறைத்த பகுதி இதுதான்.

முதலமைச்சர் குபேர்

இணைப்புக்குப் பின் குபேர் காங்கிரசில் சேர்ந்து அதன் முன்னணித் தலைவரானார். சிறை கண்டவர்களும் வீடிழந்தவர்களும் ஓரமாக நிற்க, நேற்றுவரை எதிரணியில் இருந்தவர் மேடையேறியது பலருக்கு வேதனை அளித்தது. அந்த வேதனை நியாயமானதே. புதுவையின் மேயராகவும் அவர் பணியாற்றினார். 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் சட்டத்தின்படி புதுவைக்குச் சட்டமன்றம் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் குபேர் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 68. ஓராண்டுக்குச் சற்று மேலாகவே அப்பதவியில் இருந்தார். 1964 தேர்தலுக்குப் பின் செப்டம்பரில் வெங்கடசுப்பா ரெட்டியார் முதலமைச்சரானார்.

குபேரின் கடைசி ஆண்டில் புதுவை மீண்டும் இணைப்பு என்ற சொல்லுக்காகக் கொந்தளித்தது. 1979 ஜனவரியில், புதுவையைத் தமிழ்நாட்டுடன் இணைக்கலாம் என்ற பிரதமர் மொரார்ஜி தேசாயின் கருத்தை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடும் நடந்தது. அந்த யோசனை கைவிடப்பட்டது. இங்கே கோவாவை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். மகாராட்டிரத்துடன் இணைவதா, தனித்து நிற்பதா என்று 1967 ஜனவரி 16இல் அம்மக்களிடமே வாக்கெடுக்கப்பட்டது. 1,38,170 பேர் இணையலாம் என்றார்கள், 1,72,191 பேர் வேண்டாம் என்றார்கள். தோற்றவர்கள் மிகப் பலர். ஆயினும் எண்ணிக்கை வெளிப்படையாக இருந்ததால் வழக்கு அத்துடன் தீர்ந்தது. கேட்டுப் பெற்ற விடைக்கு இருக்கும் வலிமை அதுதான். 1979 ஆகஸ்ட் 14ஆம் நாள், தம் 85ஆம் வயதில் எதுவார் குபேர் காலமானார். மறுநாள் இந்திய விடுதலை நாள். அதற்கு மறுநாள் புதுவையின் சட்டபூர்வ இணைப்பு நாள்.

முடிவுரை

எந்த நாளை நாம் கொண்டாட வேண்டும் என்பதிலும் கருத்து வேற்றுமை நீண்ட நாள் இருந்தது. ஆகஸ்ட் 16 சட்டபூர்வ நாளாக நெடுங்காலம் கொண்டாடப்பட்டு வந்தது. நவம்பர் 1தான் உண்மையான விடுதலை நாள் என்று தியாகிகள் வற்புறுத்தி வந்தார்கள். 2014இல்தான் அரசு அந்நாளை விடுதலை நாளாக ஏற்றது. அறுபது ஆண்டுகள் கழித்தும் நாள் பற்றிய வழக்கு நடந்தது என்றால், அடிப்படை வழக்கு எவ்வளவு ஆழமானது என்பதை உணரலாம்.

மாணவ நண்பர்களே! மாசி மகத்தன்று எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலத்திலிருந்தும் தீவனூரிலிருந்தும் இன்னும் பல ஊர்களிலிருந்தும் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடல் ஒன்றுதான். ஆனால் ஒவ்வோர் ஊரும் தன் சுவாமியைத் தானே அழைத்துக்கொண்டு வருகிறது. எங்களுக்காக நீங்கள் போய் வாருங்கள் என்று எந்த ஊரும் பிறரிடம் சொல்லி அனுப்புவதில்லை. 1954இல் நாம் சென்று சேர்ந்த கடல் சரியான கடலே. ஆனால் நம் முன்னோர் தம் காலால் நடந்து செல்ல விடப்படவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்வதால் இந்தியாவின் பெருமை குறைந்துவிடாது. குபேரின் புகழும் பழியும் மாறிவிடாது.

குபேரை முழுத் தியாகி என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. முழுத் துரோகி என்று சொல்லவும் இடம் தரவில்லை. தம் நலத்தையும் நாட்டின் போக்கையும் ஒரே நேரத்தில் கணக்கிட்ட ஒரு திறமைசாலி அவர். அவர் போட்ட கணக்கு நமக்கு நன்மையாக முடிந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் எதிர்காலம் மீண்டும் ஒரு தனிமனிதரின் கணக்கைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே அவர் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம். அடுத்த முறை குபேர் சாலையில் காற்று வாங்கும்போது கீழூரின் 170 பேரோடு அந்த 8 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து வாக்களித்தவர்களின் எண்ணிக்கையும் மறைக்கப்படாமல் பதிவாகியிருப்பதே அந்த வாக்கெடுப்பின் பெருமைகளில் ஒன்று. படித்த தலைமுறையாகிய நாம் ஏட்டிலுள்ள உரிமைகளை நம் தெருவுக்குப் படித்துச் சொல்வோமாக!